4 டெராபைட் டிஸ்குக்கு 8,500 ரூபாப் பெட்டி: ஒரு மாதம் பாவித்த பிறகு

திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் போன மாதம் இந்தப் பெட்டியை வாங்கினேன். மூன்றரை அங்குல சாட்டா ஹார்ட் டிஸ்கை உள்ளே வைத்து, யூஎஸ்பி 3 கேபிளால் மடிக்கணினியில் செருகும் வெளிப்பெட்டி. விலை 8,500 ரூபா. 12 வோல்ட் அடப்டர் கூடவே வருகிறது. அதன் பிளக்கில் தட்டையான இரண்டு முள்தான் இருப்பதால் நம் வீட்டுச் சுவருக்கு ஒரு மாற்றியும் வாங்க வேண்டும். உடம்பு அலுமினியம். உப்புவெளிக் காற்றில் ஒரு மாதம் இருந்தும் திருகாணிகள் துருப்பிடிக்கவில்லை. வெளித்தோற்றத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், அப்பா உவர்மலையில் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். அவருடைய நெகட்டிவ்களை எல்லாம் நான் ஸ்கான் செய்து வருகிறேன். 2004 டிசம்பரில் கடல் ஏறியபோது கீழே இருந்த பல வீடுகளில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அப்பாவின் பெட்டிகள் மேட்டில் இருந்ததால் தப்பின. கல்யாண வீடியோக்களும் சேர்ந்து இப்போது 4 டெராபைட் டிஸ்கில் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. இதில் ஒரு கோப்பு கெட்டாலும் ஏதோ ஒரு குடும்பத்திடம் இருக்கும் ஒரே படம் போய்விடும். அதனால்தான் ஒரு வெறும் பெட்டியை இவ்வளவு துருவிப் பார்த்தேன்.

பழைய பெட்டி ஒன்று வீட்டில் ஏற்கெனவே இருந்தது. அதில் இந்த டிஸ்கைப் போட்டால் 1.8 டெராபைட் என்று காட்டும். டிஸ்க் பழுது என்றுதான் முதலில் பயந்தேன். பழுது டிஸ்கில் இல்லை.

பெட்டிக்குள் ஒரு சிப் இருக்கிறது. டிஸ்குக்குப் புரிவது ஏடிஏ மொழி. லினக்ஸ் கேர்னல், அதாவது வன்பொருளோடு பேசும் இயங்குதளத்தின் மையப்பகுதி, யூஎஸ்பி வழியாகப் பேசுவது ஸ்கஸி மொழி. இரண்டுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதுதான் அந்தச் சிப்பின் வேலை. நாம் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது, கேர்னலின் மேலடுக்குகளில் அது வெறும் கோரிக்கைதான்: எந்த பிளாக்கில் (டிஸ்கின் இடம் பிரிக்கப்பட்டிருக்கும் சிறு துண்டு) தொடங்குவது, எத்தனை பிளாக், வாசிக்கவா எழுதவா. கீழே இருப்பது எந்த வகை டிஸ்க் என்று அந்த இடத்தில் தெரிய வேண்டியதே இல்லை. கடைசிக் கட்டத்தில் எஸ்டி என்ற டிரைவர்தான் அந்தக் கோரிக்கையை ஸ்கஸி கட்டளையாக, ஒரு பைட் வரிசையாக எழுதுகிறது. என்விஎம்ஈ டிஸ்க் (வேகமான ஒருவகை எஸ்எஸ்டி) என்றால் வேறு டிரைவர் அதே கோரிக்கையை 64 பைட் கட்டளையாக எழுதும். மேலே இருக்கும் கோப்பு முறைமைக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஏ.எல். ஐசிடி பிள்ளைகளுக்கு அடுக்கு என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, 1.8 எப்படி வந்தது? ஸ்கஸியின் 10 பைட் கட்டளைகளில் பிளாக் எண்ணுக்கு 4 பைட்தான் இடம். 512 பைட் பிளாக் என்றால் சுமார் 2.2 டெராபைட்டுடன் எண் முடிந்துவிடும். அதற்கு மேல் போக 16 பைட் கட்டளை வேண்டும்; அதில் பிளாக் எண்ணுக்கு 8 பைட் உண்டு. கேர்னல் முதலில் பழைய கட்டளையால் "உன் கொள்ளளவு என்ன" என்று கேட்கும். 4 பைட்டில் அடங்காது என்றால் சிப் எல்லா பிட்டையும் 1 ஆக்கிப் பதில் தர வேண்டும்; உடனே கேர்னல் 16 பைட் கட்டளையால் திரும்பக் கேட்கும். என் பழைய பெட்டியின் சிப் அப்படிச் செய்யாமல், மேல் பிட்டுகளை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சொல்லியிருக்கிறது. 4 டெராபைட் டிஸ்கில் 7,814,037,168 பிளாக். அதில் 4,294,967,296ஐக் கழித்து 512ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 1.8தான் வரும்.

புதிய பெட்டி இந்தச் சோதனையில் முழுதாகத் தேறியது. 4 டெராபைட், பிளாக் எண்ணிக்கை உட்பட எல்லாம் சரி. டிஸ்கின் வெப்பநிலையையும் உள்ளே இருந்து எடுத்துத் தருகிறது. அதற்கு ஏடிஏ கட்டளையை அப்படியே கடத்தும் 85ஆம் எண் கட்டளையை (இந்தக் கட்டளை எண்கள் எல்லாம் பதினாறடிமானத்தில்) சிப் ஏற்க வேண்டும், பழையது ஏற்கவில்லை. எனக்கு முக்கியமாகப்பட்டது இன்னொன்று. எழுத வேண்டியதை டிஸ்க் சற்று நேரம் தாங்கிவைக்கும் தற்காலிக நினைவகம்தான் கேஷ். பழைய பெட்டியைச் செருகும்போது, கேஷ் விவரம் கிடைக்கவில்லை, எழுதுவது நேரே டிஸ்குக்குப் போகிறது என எடுத்துக்கொள்கிறேன் என்று கேர்னல் பதிவில் ஒரு வரி வரும். அப்படி எடுத்துக்கொண்டால், கேஷில் இருப்பதை டிஸ்கில் இறக்கச் சொல்லும் 35ஆம் எண் கட்டளையை கேர்னல் அனுப்பவே அனுப்பாது. எழுதி முடித்த கையோடு கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புதிய பெட்டி கேஷ் இருக்கிறது என்று ஒழுங்காகச் சொல்கிறது, கேர்னலும் 35ஐ அனுப்புகிறது.

இனி குறை. நான்காம் நாள் இரவு ஒரு பெரிய கோப்புறையைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது எல்லாம் உறைந்து நின்றது. அரை நிமிடம் அசைவில்லை. பிறகு டிஸ்க் ரீசெட் ஆகி மறுபடி ஓடியது, திரும்பவும் நின்றது. கேர்னல் ஒரு கட்டளைக்கு 30 வினாடி காத்திருக்கும், பதில் வராவிட்டால் அதைக் கைவிடச் சொல்லும், அதுவும் சரிவராவிட்டால் ரீசெட் செய்யும். பதிவில் அந்தக் கட்டளையே அப்படியே இருந்தது:

8ஏ 00 00 00 00 01 20 46 10 00 00 00 04 00 00 00

இவையும் பதினாறடிமான எண்கள்தான். பேனையால் தாளில் பிரித்து எழுதினேன். 8ஏ என்றால் 16 பைட் எழுதும் கட்டளை. அடுத்தது கொடிகள். அதற்கடுத்த எட்டு பைட்டும் பிளாக் எண்: 4,836,429,824, அதாவது டிஸ்கில் 2.48 டெராபைட் தூரத்தில். பிறகு நான்கு பைட் நீளம்: 1,024 பிளாக், 512 கிலோபைட். 2.2ஐத் தாண்டியதும் இந்தச் சிப்பும் தடுமாறுகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். அடுத்த நாள் காலை பதிவை முழுதாக வாசித்தபோதுதான் அந்த முடிவு பிழை என்று தெரிந்தது. டிஸ்கின் தொடக்கத்துக்குப் போன கட்டளைகளும் அதே மாதிரித் தொங்கியிருந்தன. அவையும் 8ஏதான். டிஸ்க் அந்த எல்லையைவிடப் பெரியது என்றால் முதல் பிளாக்குக்குக்கூட லினக்ஸ் 16 பைட் வடிவத்தையே பாவிக்கும். தொங்கிய எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: ஒரே நேரத்தில் பல கட்டளைகள் நிலுவையில் இருந்தன.

அப்படிப் பல கட்டளைகளை டேக் எண் போட்டு ஒன்றாக அனுப்புவது யூஏஎஸ் முறை. பழைய முறையில் 31 பைட் உறைக்குள் ஒரு கட்டளை போகும், 13 பைட் பதில் வந்த பிறகுதான் அடுத்தது. கேர்னலுக்கு இந்தச் சிப்பின் வென்டர் எண்ணையும் புரொடக்ட் எண்ணையும் கொடுத்து, பக்கத்தில் யூ என்ற ஓர் எழுத்தைப் போட்டால் யூஏஎஸ்ஸை விட்டு பழைய முறைக்கு மாறிவிடும். மாற்றினேன். அதே கோப்புறையை மூன்று தடவை பிரதி எடுத்து ஒப்பிட்டும் பார்த்தேன், ஒரு தடவையும் நிற்கவில்லை. பெரிய வீடியோக்களில் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. சின்னச் சின்னப் படங்கள் ஆயிரக்கணக்கில் உள்ள கோப்புறைகளில் மட்டும் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இதை முன்பே சொல்லாமல், அட்டையில் யூஏஎஸ் என்று பெரிதாக அச்சிட்டு விற்பது எனக்குக் கோபம்தான். இந்த மாற்றத்தைச் செய்யத் தெரியாதவர்கள் டிஸ்க் போய்விட்டது என்றே நினைப்பார்கள்.

கடைக்கு எடுத்துப் போனேன். "விண்டோசில் போட்டுப் பார்த்தீங்களா சேர்?" என்றார் கடைத் தம்பி. கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் என்னிடம் விண்டோஸ் இல்லை. பதிவு எழுதிய தாளைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார், கேட்டதோடு நிற்காமல் வேறொரு பெட்டியைப் பிரித்துத் தந்து இரண்டு நாள் வைத்துப் பார்க்கச் சொன்னார். அதிலும் அதே சிப், அதே உறைவு. காசைத் திருப்பித் தரட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று முதல் பெட்டியையே வைத்துக்கொண்டேன். கொள்ளளவைச் சரியாகச் சொல்லி, 35க்கும் ஒழுங்காகப் பதில் தரும் பெட்டி இந்த விலையில் எனக்குப் போதும்.

லினக்ஸ் பாவிப்பவர் என்றால், அந்த ஓர் எழுத்தைப் போடத் தயார் என்றால் வாங்கலாம். எஸ்எஸ்டி போட்டு முழு வேகம் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிவராது. வாங்கும்போது உங்கள் டிஸ்கையும் கையோடு கொண்டு போங்கள், கடையிலேயே போட்டுக் கொள்ளளவைப் பாருங்கள். அந்தத் தம்பி மறுக்க மாட்டார். என் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பெரிய டிஸ்க்குக்குப் பெட்டி கேட்டு வருபவர்களிடம் எந்த சிஸ்டம் என்று இப்போது அவரே கேட்கிறார்.