ஈக்வேஷன் எடிட்டர் 3.0: பதினான்கு வருடம் புழங்கிய பிறகு

நான் டிடிபி வேலைக்கு வந்தது 2003-இல். கடையில் மற்றவர்கள் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று அடித்துக்கொண்டிருக்க, கணக்கு வினாத்தாள் மட்டும் என் மேசைக்கு வந்துவிடும். வேறு யாருக்கும் அதற்குப் பொறுமை இல்லை. தமிழ் வரிகளுக்கு பாமினி ஃபாண்ட், சூத்திரங்களுக்கு வேர்டுக்குள்ளேயே இருந்த ஈக்வேஷன் எடிட்டர் 3.0. இன்செர்ட், ஆப்ஜெக்ட் என்று போய் அதைத் தேர்ந்தெடுத்தால் சின்னதாக ஒரு பட்டை வரும். கண்ட்ரோல் எஃப் அடித்தால் பின்னம், கண்ட்ரோல் ஆர் வர்க்கமூலம், கண்ட்ரோல் எச் அடுக்கு, கண்ட்ரோல் எல் கீழ்க்குறி. ஒரே மாதத்தில் விரலுக்குப் பழகிவிட்டது. அணிக்கோவை நிறைந்த பன்னிரண்டாம் வகுப்புத் தாளைக்கூட பட்டையைத் தொடாமல் முடித்துவிடுவேன்.

குறை இல்லாமல் இல்லை. சூத்திரம் வந்த வரி மட்டும் கொஞ்சம் விலகி நிற்கும். அச்சகத்துக் கணினியில் எம்டி எக்ஸ்ட்ரா என்ற ஃபாண்ட் இல்லையென்றால் சில குறிகள் கட்டம் கட்டமாக விழும். ஆனாலும் ஒரு பெரிய நிம்மதி இருந்தது: அது மாறவே இல்லை. ஆபிஸ் 2007 வந்து மெனு எல்லாம் தலைகீழானது, சூத்திரம் எழுதவே புதிதாக ஒரு வசதியும் கொடுத்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. பழையது அதே இடத்தில், அதே குறுக்குவிசைகளோடு உட்கார்ந்திருந்தது.

எவ்வளவு பழையது என்று பின்னால்தான் பார்த்தேன். அந்த நிரல் கோப்பின் பண்புகளைத் திறந்தால் பதிப்பு எண் 2000.11.9.0 என்று இருக்கும். அதாவது 2000 நவம்பர் 9. மைக்ரோசாஃப்ட் எழுதியதும் அல்ல, மேத்டைப் என்ற சூத்திர மென்பொருளைச் செய்த டிசைன் சயன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் உரிமம் வாங்கிச் சேர்த்தது. 2000-இல் உருவான அதே கோப்பு 2017 வரை ஒவ்வொரு ஆபிஸோடும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. பழைய கோப்புகள் திறக்க வேண்டுமே என்பதுதான் காரணம். என்னைப் போன்ற ஆட்களுக்காகத்தான் வைத்திருந்தார்கள் என்றும் சொல்லலாம்.

2017 நவம்பரில் எம்பெடி என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு இதன் ஓட்டையை வெளியே சொன்னது. சிவிஇ-2017-11882 என்று எண். வெளியே தெரிந்த ஓட்டைகளுக்கெல்லாம் இப்படி ஒரு பொது அடையாள எண் கொடுப்பார்கள். விஷயம் என்னவென்றால், சூத்திரத்துக்குள் ஃபாண்டின் பெயர் ஒரு குறிப்பாகச் சேமிக்கப்பட்டிருக்கும். எடிட்டர் அந்தப் பெயரை எடுத்து நினைவகத்தில் ஒரு சிறிய இடத்தில் நகலெடுக்கும். பெயர் எவ்வளவு நீளம் என்று மட்டும் பார்க்காது. தமிழ் டிடிபியில் ஃபாண்டால் படாத பாடு பட்டவன் நான். ஆனால் ஃபாண்டின் பெயரே கணினியைக் கவிழ்க்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

பரீட்சை விண்ணப்பத்தில் பெயருக்குக் கட்டம் போட்டிருப்பார்களே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். கட்டம் முடிந்த பிறகும் ஒருவன் எழுதிக்கொண்டே போனால், எழுத்துகள் கீழே இருக்கிற தேர்வு மைய எண்ணின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். படிவத்தை வாங்குகிறவர் அந்த இடத்தில் இருப்பதையே மைய எண் என்று நம்பி அங்கே அனுப்பிவைப்பார். நிரலிலும் இதேதான். ஒரு வேலையை முடித்த பிறகு எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரி பக்கத்திலேயே இருக்கிறது. நீளமான பெயர் வழிந்து அதை அழித்து எழுதுகிறது. தாக்குகிறவன் சொன்ன இடத்துக்கு நிரல் போய் நிற்கிறது. அதற்குள்ளேயே வேறு நிரலை இயக்கும் ஒரு கட்டளையும் இருந்ததால் அவனுக்கு வேலை இன்னும் சுலபம்.

இந்த மாதிரி வழிதல் புதிதல்ல. அதனால்தான் பிற்கால மென்பொருள்களில் நினைவக முகவரிகளை ஒவ்வொரு முறையும் கலைத்துப்போடுவது, தரவு இருக்கும் இடத்திலிருந்து கட்டளை ஓடவிடாமல் தடுப்பது என்று காவல்கள் வந்தன. 2000-இல் உருவான கோப்பில் அவை கிடையாது. வேர்டுக்குப் போட்ட காவலும் உதவவில்லை, ஏனென்றால் எடிட்டர் வேர்டுக்குள் ஓடவில்லை, பக்கத்தில் தனி நிரலாக ஓடியது. முன்வாசலுக்குப் பூட்டு மேல் பூட்டு, கொல்லைப்புறம் திறந்தே கிடந்தது. மேக்ரோவை, அதாவது ஆவணத்துக்குள் இருக்கும் குட்டி நிரலை, அனுமதிக்கிறீர்களா என்ற கேள்விகூட வராது. ஆவணம் திறந்தாலே போதும். இணையத்திலிருந்து வந்த கோப்பை 'பாதுகாக்கப்பட்ட பார்வை'யில் மட்டும் வைத்திருந்தால் தப்பிக்கலாம். மஞ்சள் பட்டையைப் பார்த்ததும் 'திருத்து' பொத்தானை அழுத்துவது நம் பழக்கம் ஆயிற்றே.

மைக்ரோசாஃப்ட் நவம்பர் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. அதைப் பிரித்துப் பார்த்த ஜீரோபேட்ச் என்ற பாதுகாப்புக் குழுவினர் வியந்துபோனார்கள். மூல நிரலைத் திருத்தி மறுபடி உருவாக்கியதாகத் தெரியவில்லை, இயந்திரக் கட்டளைகளிலேயே நேரடியாகக் கைவைத்து, இருந்த இடத்துக்குள் நீளச் சோதனையை நுழைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் கணிப்பு. மூல நிரல் கையில் இல்லையோ என்ற பேச்சு அப்போது பலமாக ஓடியது. உண்மை எதுவாக இருந்தாலும், அந்த நுணுக்கத்துக்கு ஒரு சபாஷ் போட வேண்டும். அச்சான தகட்டில் ஒரு எழுத்தை மட்டும் சுரண்டித் திருத்துகிற வேலை அது.

ஆனால் ஒன்றை அடைத்தால் இன்னொன்று. சிவிஇ-2018-0802 என்று அடுத்த வழிதல் கிளம்பியது. 2018 ஜனவரி 9 புதுப்பிப்பில் எடிட்டரையே எடுத்துவிட்டார்கள்.

எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. திருப்புதல் தேர்வு நேரம். போன வருடத் தாளைத் திறந்து சூத்திரத்தை இரட்டைச் சொடுக்கினால், எடிட்டர் இல்லை என்கிறது. சூத்திரம் தெரிகிறது, அச்சாகிறது, திருத்தத்தான் முடியவில்லை. நான் செய்த காரியத்தை இன்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது: கணினியைப் பழைய தேதிக்குத் திருப்பி, புதுப்பிப்பை மொத்தமாக நிறுத்திவைத்தேன். எடிட்டர் திரும்பி வந்தது. கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து, கொட்டேஷன் கேட்டு ஒரு மின்னஞ்சல். கடைக்கு அப்படி தினமும் வரும். இணைப்பைத் தரவிறக்கியதும் வைரஸ் தடுப்பான் சிவப்பு காட்டியது. அது காட்டிய பெயரில் அந்த எண் இருந்தது, 11882. அதைத் தேடப் போய்த்தான் மேலே சொன்ன கதை முழுக்கத் தெரிந்தது. திருத்தம் வெளியான ஒரு வாரத்துக்குள்ளேயே இதை வைத்துத் தாக்குதல் நடந்திருக்கிறது. 2020-இல் அமெரிக்க அரசு அமைப்புகள் பட்டியல் போட்டபோது, 2016 முதல் 2019 வரை அதிகம் பயன்பட்ட பத்து ஓட்டைகளில் இதுவும் ஒன்று. எல்லாம் என்னைப் போல எடிட்டரைத் திரும்பக் கொண்டுவந்தவர்களின் கைங்கரியமும், புதுப்பிக்காத கணினிகளின் கைங்கரியமும்தான். அன்றைக்கே புதுப்பிப்பை மறுபடி திறந்துவிட்டேன்.

அப்புறம் மாற்றும் வேலை. சில கோப்புகளை லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து, பழைய சூத்திரங்களை அதன் சொந்த வடிவத்துக்கு மாற்றினேன். அமைப்புகளில் அதற்கொரு தேர்வு இருக்கிறது. எளிய பின்னம், அடுக்கு எல்லாம் ஒழுங்காக வந்தன. பெரிய அணிகளில் இடைவெளி கலைந்தது, கையால் சரிசெய்தேன். புதிய வேர்டுகளில் பழைய சூத்திரத்தை இரட்டைச் சொடுக்கினால் மாற்றட்டுமா என்று அதுவே கேட்கிறது. முக்கியமான தாள்களை மட்டும் புதிதாக அடித்தேன், அதே சாக்கில் பாமினியை விட்டு யூனிகோடுக்கும் வந்தாயிற்று.

புதிய சூத்திர வசதி எப்படி? ஆல்ட்டோடு சமன்குறியை அழுத்தி, சாய்கோடு போட்டு இடைவெளி விட்டால் பின்னம் தானாக எழுந்து நிற்கிறது. வரி விலகுவதில்லை. ஆனால் கேம்ப்ரியா மேத் தவிர வேறு ஃபாண்ட் சுலபமாக அமையாது. பழைய டாக் வடிவில் சேமித்தால் சூத்திரம் எல்லாம் படமாகிவிடும். இதை அறியாமல் ஒரு முழுத் தாளை இழந்தேன். வேகத்தில் பழையதை எட்ட எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இன்னும் ஒன்று மட்டும் மாறவில்லை. பின்னம் வர வேண்டிய இடத்தில் விரல் தானாக கண்ட்ரோல் எஃப் அடிக்கிறது. ஓரத்தில் தேடல் கட்டம் திறந்து, என்ன வேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறது.