சுக்கான் சர்வோவுக்கு 422பி சிலிகான் பூச்சு: பயன்படுத்திப் பார்த்தபின்

அமெரிக்காவில் விளையாடப்படும் 1:144 அளவு மாதிரிப் போர்க்கப்பல் போட்டிகளில், மெல்லிய பால்சா மரப் பக்கங்களை, வாயு அழுத்தத்தால் பாயும் சிறு எஃகுக் குண்டுகள் துளைக்க, கப்பல் உண்மையாகவே மூழ்கிவிடும். மேலே எடுத்து ஒட்டுப்போட்டு மறுபடியும் இறக்குவார்கள். சிங்கப்பூரில் காற்றுத் துப்பாக்கிக்கே உரிமம் வேண்டியிருப்பதால் என் கப்பலின் பீரங்கிகள் வெறும் அலங்காரம்தான். ஆனாலும் அதே பால்சாப் பக்கங்களுடன் கட்டியிருப்பதால், நீர் புகும் தொல்லை எனக்கும் உண்டு. பின்பகுதியில் தாழ்வாக அமர்ந்து, சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டார் அமைப்பான சர்வோவைத்தான் அந்த நீர் முதலில் தொடுகிறது. இரண்டு சர்வோக்களை இழந்தபின், மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் டவரில், மின்சுற்றுப் பலகையை ஈரத்திலிருந்து காக்கும் எம்ஜி கெமிக்கல்ஸ் 422பி பூச்சு 55 மில்லிலிட்டர் புட்டி ஒன்றை வாங்கினேன்.

மூடியிலேயே தூரிகை இருப்பதால், சர்வோவின் அடிமூடியைக் கழற்றி, சிறிய மின்சுற்றுப் பலகையின் மூலைமுடுக்கெல்லாம் பூச முடிந்தது. இதன் தலைசிறந்த குணம், புற ஊதா விளக்கில் பூச்சு ஒளிர்வது. அறை விளக்கில் முழுமையாகத் தெரிந்த என் முதல் பூச்சில், மூன்று கம்பிகளும் பற்றவைக்கப்பட்ட இடத்தில் விடுபட்டிருந்த இடைவெளிகளை அந்த விளக்குதான் காட்டிக்கொடுத்தது. கரைப்பானின் நெடி கடுமையானது என்பதால், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் சன்னல்களைத் திறந்துவைத்துத்தான் பூச வேண்டும்.

ஆனால் இந்தப் பூச்சு பலகையை மட்டுமே காக்கும். சர்வோவின் சுழலும் தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் பொட்டன்ஷியோமீட்டருக்குள் இதைப் பூசக்கூடாது. அங்கே நகரும் தொடுமுனைக்கு மின் தொடர்பு அறுந்துவிடும். அங்கே நீர் புகுந்தாலோ தவறான நிலையைக் காட்டி, சுக்கான் ஒரே பக்கம் திரும்பி நிற்க, கப்பல் வட்டமடிக்கத் தொடங்கும். ஆகவே மேல்தண்டைச் சுற்றி நைட்ரைல் ரப்பர் வளையமும் சிலிகான் கிரீசும், மூடிகளின் இணைப்பிலும் கம்பி வெளிவரும் துளையிலும் சிலிகான் பசையும் இட்டேன். சிலிகான் ரப்பர் வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் ஆகாது, வளையம் உப்பிவிடும். சர்வோவைப் பலூனுக்குள் கட்டிவைக்கும் பழைய முறையையும் முன்பு முயன்றேன். நம் ஊர் ஈரக்காற்றில் பலூனுக்குள்ளேயே வியர்த்து நின்றது.

ஒரு நாள் உலரவிட்டு, வாளி நீருக்குள் அரை மணி நேரம் இயக்கினேன். சுக்கான் நடுக்கமின்றித் திரும்பியது. பிறகு திறந்து பார்த்தபோது பலகை உலர்ந்தே இருந்தது, பற்சக்கரங்களுக்கு அருகில் மட்டும் ஒரு துளி ஈரம் கண்டேன். கிரீசை இன்னும் தாராளமாக இட்டிருக்க வேண்டும்.

சாதாரண சர்வோ ஒன்றைவிடப் புட்டியின் விலை அதிகம் என்றாலும், ஒரு சர்வோவுக்குச் சில துளிகளே போதும். மிச்சத்தை, ரேடியோ கட்டளைகளைப் பெறும் ரிசீவருக்கும் பூசினேன். ஒரே ஒரு கப்பல் வைத்திருப்பவர், தூசியும் நீரும் புகாமைக்கான ஐபி67 தரச்சான்று பெற்ற சர்வோவை நேராக வாங்கிவிடுவதே மேல். இரண்டு மூன்று கப்பல்கள் கட்டுபவர்களுக்கு இந்தப் புட்டியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், புற ஊதா விளக்கையும் சேர்த்து வாங்குவதாக இருந்தால்.