பாக்கிங் மெஷின் 08-32: ஜல்லி இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வெறும் சத்தம்

ரயில்களை நிறுத்திவைத்து வேலைக்கு ஒதுக்கும் நேரத்துக்குப் பெயர் பிளாக். அது கிடைத்ததும் சின்ன ஊர் ஸ்டேஷனிலிருந்து ஊர்ந்து வரும் மஞ்சள் வண்டிக்கு ரயில்வே ஆட்கள் சொல்லும் பெயர் பாக்கிங் மெஷின். தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு அடியில் ஜல்லியை நெருக்கி இறுக்குவது இதன் வேலை. ஆஸ்திரிய பிளாஸர் நிறுவனத்தின் வடிவமைப்பு. கால் டன்னுக்கு மேல் கனக்கும் கான்கிரீட் ஸ்லீப்பரைப் பீட்டரால் (ஜல்லியை அடித்து இறுக்கும் கைக்கருவி) அடித்தால் விளிம்பு உதிரும். அதனால் இந்த வண்டி வந்தே ஆகவேண்டும்.

08-32 என்ற மாடல், டூல் எனும் இரும்புக் கைகளை ஒருமுறை ஜல்லிக்குள் இறக்கினால் இரண்டு ஸ்லீப்பர் அடிக்கும். கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர் என்றால் 830 இறக்கம், ஒவ்வொன்றுக்கும் மொத்த வண்டியும் நின்று கிளம்பும். ஆபரேட்டரின் இடுப்புக்குத்தான் தண்டனை. 09-32 மாடலில் வண்டி நிற்காது. அடிக்கும் பகுதி மட்டும் முன்னால் தாவிப் போய்க் காத்திருக்கும். பார்க்கவும் அதுதான் அழகு.

கவனிக்க வேண்டியது 32 டூல்களை. நொடிக்கு 35 முறை அதிர்ந்தபடி ஜல்லிக்குள் இறங்கி, கல்லை ஸ்லீப்பர் அடியில் நெருக்கும். டூல்கள் மூடிய நிலையில் அவற்றின் நுனியிலுள்ள பிளேடின் மேல்விளிம்பு ஸ்லீப்பர் அடிப்பாகத்துக்குக் கீழே 10 முதல் 12 மி.மீ. இருக்கவேண்டும். மேலே நின்றால் கான்கிரீட் பெயரும். பிளேடு தேய்ந்திருந்தால் கல்லைப் பிடிக்காது. நெருக்கும் நேரம் அரை நொடிதான். பிளாக் முடியப்போகிறதென்று அதையும் குறைத்தால் சில நாளில் லைன் பழையபடி இறங்கிவிடும்.

உண்மையில் பாதி வேலை மெஷின் வருமுன்பே முடிந்திருக்க வேண்டும். குறைந்த இடத்தில் ஜல்லி கொட்டி, கோணிய ஸ்லீப்பரை நேராக்கி, கழன்ற கிளிப்பை அடித்து, சிக்னல்காரர்கள் பாண்ட் வயரை (தண்டவாளங்களை மின்சாரத்தால் இணைக்கும் கம்பி) கழற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் டூல் அதை நசுக்கும், சிக்னல் போகும். ஜல்லி இல்லாத இடத்தில் டூல் காற்றைத்தான் நெருக்கும்.

பாக்கிங் பிடிக்காத ஸ்லீப்பரை அடுத்தடுத்த நாட்களில் கண்டுபிடிப்பது சுலபம்: ஓரத்து ஜல்லியில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும், கூட்ஸ் போகும்போது ஸ்லீப்பர் மேலும் கீழும் மூச்சுவிடும்.

வெயில் நேரத்து வேலை ஆபத்து. கலைந்த ஜல்லிக்குப் பக்கவாட்டுப் பிடி குறைவு. நீண்ட வெல்டு தண்டவாளம் சூட்டில் விரிந்தால் வளையும். தண்டவாளத்தைப் பொருத்தும்போது நிர்ணயித்த வெப்பநிலைக்கு மேல் 10 டிகிரி தாண்டினால் நிறுத்திவிட வேண்டும் என்பது அதனால்தான். பின்னாலேயே டி.ஜி.எஸ். எனும் குலுக்கு வண்டி வந்து ஜல்லியைக் குலுக்கி அமர்த்தினால், வேலைக்குப் பின் ரயில்களுக்குப் போடும் வேகக் கட்டுப்பாட்டைச் சீக்கிரம் நீக்கிவிடலாம்.

பெரிய குறை லெவல் கிராசிங். ரோட்டைப் பெயர்த்து, தண்டவாளத்தின் உட்புறம் ஒட்டியிருக்கும் செக் ரெயிலைக் கழற்றாமல் அங்கே டூல் இறங்காது. அதற்கு ரோட்டில் போக்குவரத்தை நிறுத்தும் ரோடு பிளாக்கும் வேண்டும். கிடைக்காவிட்டால் கேட்டைத் தாண்டி அடுத்த ஸ்லீப்பரில் தொடங்குவார்கள். இரண்டு பக்கமும் உயர்ந்து, நடுவில் பள்ளம் மிஞ்சும்.