டிரெய்லர் பின் கடையக் கொடுக்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

குறுவை அறுவடைக்கு முன்னாடி டிராக்டரோட டிரெய்லரை இணைக்கிற பின்னும், அது நுழையற ஓட்டைக்குள்ள இருக்கிற வளையமான புஷ்ஷும் தேய்ஞ்சிருந்ததால ஒரு லேத் பட்டறையில கொடுத்தேன். "இ.என் 8 ராடுல கடைஞ்சு டெம்பர் பண்ணித் தர்றேங்க, உங்க பேரன் காலத்துக்கும் வரும்"னு 2,800 ரூபாய் வாங்கினார். இ.என் 8னா உறுதியான ஒரு எஃகு ரகம், டெம்பர்னா சூடேத்திக் கடினமாக்கறது. பில் கேட்டதுக்குத் துண்டுச்சீட்டு. அந்த அறுவடையே தாங்கலை.

நெல் கொள்முதல் நிலையத்துலேர்ந்து ராத்திரி வந்த டிரைவர், "அண்ணே, டிரெய்லரைக் கழட்ட முடியல, பின்னு அசையவே மாட்டேங்குது"ன்னான். இழுவையில நின்னா பின் இறுகுறது சகஜம். டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துட்டு டிராக்டரை ஒரு விரக்கடை பின்னால தள்ளினா இளகிடும். ரெண்டு சக்கர டிரெய்லர்னா அதோட முன்மூக்குக்கு அடியில ஜாக்கி கொடுத்து பாரத்தை எடுக்கணும். எல்லாம் பண்ணியாச்சு. கீழேருந்து சம்மட்டியால தட்டியும் பார்த்தாச்சு. நகரலை. மறுநாள் சேற்றுழவுக்குப் போக வேண்டிய வண்டி வீட்டு வாசல்லயே நின்னுச்சு.

அதே பட்டறைக்காரரே வந்து கேஸ் கட்டிங் போட்டார். வெட்டி எடுத்தா பின் நடுவுல வில்லா வளைஞ்சிருக்கு. மேலயும் கீழயும் டிராக்டர் ஹூக்கோட காது பிடிச்சிருக்க, நடுவுல டிரெய்லர் வளையம் இழுக்குது. டெம்பர் ஏத்தாத பச்சிரும்பா இருந்தா நடுப்பாகம்தான் வளையும். வளைஞ்ச பின் மேல் ஓட்டை வழியா எப்படி வரும்? வீட்ல இருந்த அரத்தை எடுத்துத் தேய்ச்சேன், பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. டெம்பர் ஏத்தின பின்னுன்னா அரம் வழுக்கிட்டுப் போகும். புஷ்ஷும் மாத்தலை. ஓட்டைக்குள்ள வெல்டிங் ஓட்டி, கிரைண்டர் போட்டு மழுப்பியிருக்கார்.

கேட்டதுக்கு, "ஓவர் லோடு ஏத்திட்டு எங்கிட்ட வந்து கேக்குறீங்களே"ன்னார். 40 கிலோ சிப்பம் நூறு, அதாவது 4 டன். பழைய பின் வருஷக்கணக்கா இழுத்த லோடுதான் அது. கட்டிங்ல ஹூக்கோட ஒரு காதையும் தின்னுட்டு, அதுக்கும் 1,500 கேட்டார் பாருங்க, அதுதான் எரிச்சல். நான் கொடுக்கலை.

இப்ப வேற பட்டறையில, கடையறப்பவே பக்கத்துல உட்கார்ந்து, டெம்பர் ஏத்தினதும் அரம் போட்டுப் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். பழைய பின்னையும் கையோட வாங்கிட்டு வந்துட்டேன்.

இன்னொண்ணு. 17 சதவீதத்துக்கு மேல ஈரம்னு கொள்முதல் நிலையத்துல திருப்பி அனுப்பின சிப்பங்கள் டிரெய்லரோட பின்கோடியில கிடந்துச்சு. கட்டிங்ல பின் அறுந்ததுமே டிரெய்லர் மூக்கு படார்னு மேல எழும்பிடுச்சு. குனிஞ்சிருந்த டிரைவர் தாடை மயிரிழையில தப்பிச்சது. பட்டறைக்காரர் அதைப் பத்தி ஒரு வார்த்தை எச்சரிக்கலை. பின் இறுகிக் கிடந்தா முதல்ல டிரெய்லரோட பின்கோடியில இருக்கிற பாரத்தை இறக்குங்க. சம்மட்டி, கட்டிங் எல்லாம் அப்புறம்.