திரைமொழி படித்த நான்கு ஆண்டுகள்: ‘மூன்றாம் பிறை’யும் ஆம்பூர் ரயில் நிலையமும்

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஷூவின் மேல்பகுதியான ‘அப்பரி’ல் தையல் நேராக ஓடியிருக்கிறதா, அங்குலத்துக்கு இத்தனை என்ற கணக்குத் தவறாமல் விழுந்திருக்கிறதா என்று நாள் முழுவதும் பார்ப்பதுதான் வேலை. இதற்கு வந்த பிறகு, பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் செருப்பில்கூட எனக்குத் தையல்தான் முதலில் தெரிகிறது. அதனால், வேலூரில் ஞாயிறுதோறும் நடந்த திரைப்பட வகுப்பில் சேர்ந்தபோதே, சினிமாவுக்கும் இந்தக் கதி வந்துவிடுமோ என்று பயந்தேன். வந்தது.

முதல் ஆண்டு முழுவதும் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஷாட் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் மனதுக்குள் ஓர் எண் ஏறும். 180 பாகை விதியைச் சொல்லிக்கொடுத்த வாரம் இன்னும் மோசம். பேசிக்கொள்ளும் இருவருக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். தாண்டினால் அவர்கள் வேறு எங்கோ பார்த்துப் பேசுவது போலத் தோன்றும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்தப் படத்திலும் வசனம் காதில் விழவில்லை. அந்தக் கோட்டைத்தான் தேடினேன்.

‘மூன்றாம் பிறை’யைப் பள்ளி நாட்களில் அம்மாவோடு டி.வி.யில் பார்த்து இருவரும் அழுதிருக்கிறோம். 1982-இல் வந்த படம். பாலுமகேந்திரா எழுதி, இயக்கி, ஒளிப்பதிவும் செய்தார். அந்த ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது. வகுப்பில் சேர்ந்த எட்டாவது மாதம் அதை மறுபடி பார்த்தோம். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, நான் ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். “படத்தைப் பார்க்க விடு, பாப்பா” என்றார். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. அன்றிரவு எதையோ தொலைத்துவிட்டது போல இருந்தது. பிடித்த படம் என்ற ஒன்று இனி எனக்கு இல்லையோ என்று உண்மையாகவே வருந்தினேன்.

இரண்டாம் ஆண்டில் குலெஷோவ் பற்றிப் படித்தோம். ஒரு நூற்றாண்டுக்கு முன் ரஷ்யாவில் இருந்த இயக்குநர். ஒரு நடிகரின் ஒரே முகத்தைச் சூப் கிண்ணத்தோடும், சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் தனித்தனியாக ஒட்டிக்காட்டினார். பார்த்தவர்களுக்கு அதே முகத்தில் பசி, துக்கம், ஆசை என்று வெவ்வேறாகத் தெரிந்தது. இதற்கான வீட்டுப்பாடத்தைச் செய்ய எனக்கு அம்மாவின் முகம்தான் கிடைத்தது. நான் டிபன் டப்பாவை மறந்துவிட்டேன் என்று ஆம்பூர் ரயில் நிலையத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். ரயில் இன்னும் கிளம்பவில்லை. ஜன்னல் வழியாகச் செல்பேசியில் அவரைப் படம் பிடித்தேன். தேவைப்பட்டது மூன்று நொடி; நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்ற கணக்கில் 72 சட்டகங்கள். ரயில் நகர்ந்ததும் பின்னால் போகிற நடைமேடையையும், மடியில் திறந்த டிபன் டப்பாவையும் எடுத்துக்கொண்டேன்.

அம்மாவின் முகத்துக்குப் பின் இட்லியை ஒட்டினால், மகள் சாப்பிடுவதைப் பார்த்து நிறைந்த முகம். விலகிப்போகும் நடைமேடையை ஒட்டினால், மகளைப் பிரிகிற முகம். ஒரு சட்டகம்கூட நான் மாற்றவில்லை.

அதற்குப் பிறகுதான் ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சியை ஒலி இல்லாமல் ஒருமுறை, திரைக்கு முதுகு காட்டி ஒலியை மட்டும் கேட்டு ஒருமுறை, பிறகு இரண்டும் சேர்த்து ஒருமுறை பார்த்தேன். நினைவிழந்து குழந்தை போல இருந்த விஜியை (ஸ்ரீதேவி) அதுவரை பார்த்துக்கொண்டவன் சீனு (கமல்ஹாசன்). குணமானதும் அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. ரயிலுக்குள் விஜி, நடைமேடையில் சீனு. பழைய விளையாட்டை ஆடிக்காட்டித் தன்னை நினைவுபடுத்தப் பார்க்கிறான். அவள் முகத்தில் துக்கம் இல்லை, யாரோ என்னவோ செய்கிறார் என்ற புரியாமைதான். அதுவரை ஓடிய படம் நம்மிடம் இருக்கிறது, அவளிடம் இல்லை. ஸ்ரீதேவி அங்கே ஒரு துளி அழுதிருந்தால் நமக்கு இத்தனை வலித்திருக்காது. சிறுவயதில் கமல்ஹாசனின் ஓட்டத்தைப் பார்த்து அழுதேன். இப்போது ஜன்னலுக்குள் இருக்கும் அந்த முகம்தான் தாங்கவில்லை. முன்பு சிரித்துக்கொண்டே பார்த்த விளையாட்டுக் காட்சிகளிலேயே தொண்டை அடைக்கிறது.

சேரலாமா என்று தோழிகள் கேட்டால், இரண்டு ஆண்டுகள் விடாமல் படிக்க முடிந்தால் மட்டும் சேரச் சொல்கிறேன். பாதியில் விட்டால் எண்ணுகிற பழக்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். இழப்பும் உண்டு. நான் உயிராக நினைத்த இரண்டு மூன்று படங்கள், காட்சியில் இல்லாத சோகத்தை இசையை உரக்க வைத்து வாங்குகின்றன என்று தெரிந்துபோனது. அவற்றிடம் திரும்ப முடியவில்லை, முயன்றும் பார்த்தேன். வீட்டில் மற்றவர்கள் படம் பார்க்கும்போது வாயே திறக்கக் கூடாது என்பதையும் தாமதமாகத்தான் கற்றேன்.

இந்தப் பொங்கல் விடுமுறையில் பழைய வீட்டுப்பாடத்தை அம்மாவிடம் காட்டினேன். இட்லி வருவதைப் பார்த்துச் சிரித்தார். நடைமேடை வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

“அன்றைக்கு அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றுதானே யோசித்துக்கொண்டு நின்றேன்” என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு, இன்னொரு முறை போடச் சொன்னார்.