ஹட்டனில் ஒரு தையற்கடை: பாடகர் அங்கியும் பாடசாலைச் சீருடையும்

இலங்கையின் மலையக நகரான ஹட்டனில், இரண்டே தையல் இயந்திரங்களோடு இயங்கும் ஒரு சிறிய தையற்கடையில் பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் கிறிஸ்தவ சபைப் பாடகர் குழுவின் அங்கிகளைத் தைக்கக் கொடுத்து வருகிறோம். கடைக்காரர் விளம்பரத்தை விரும்பாத முஸ்லிம் பெரியவர் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் வேலைத்தரம். வெள்ளைத் துணியில் தையல் சுருங்காமல் வருவது எளிதன்று. இங்கே தைத்த அங்கிகள் பல வருடங்கள் துவைத்த பின்னும் தோள்பட்டையில் இழுபடவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் சீருடை தைக்கும்போது, அடுத்த வருடமும் உதவட்டும் என்று கீழ்மடிப்பில் இரண்டு அங்குலம் துணியை உள்ளே விட்டுத் தைப்பார். சம்பள நாள் வரை கூலிக்காகப் பொறுத்திருப்பார். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் பிந்துவது மட்டுமே குறை.

ஆனால், இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2019ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறுக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கென ஐந்து அங்கிகளை அவரிடம் கொடுத்திருந்தேன். ஏப்ரல் 21 அன்று, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு ஆலயங்களில் உயிர்த்த ஞாயிறு வழிபாட்டுக்கு வந்தவர்கள் குண்டுகளுக்குப் பலியானார்கள். அதன்பின் எங்கள் ஆலய வாசலிலும் பைகளைத் திறந்து பார்த்தார்கள்; குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் தீவிரவாதிகள் என்பதால், துணி போனால் போகட்டும், அந்தக் கடைப் பக்கம் போகவேண்டாம் என்று சபையில் சிலர் சொன்னார்கள். எனக்கும் பயம்தான். அவர் எந்தத் தவறும் செய்யாதவர் என்று தெரிந்தே பயந்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

"பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்ற யோவானின் வசனத்தை ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். முதலில் பயம் போகட்டும், பிறகு போய்ப் பார்ப்போம் என்று நான்கு வாரங்கள் காத்திருந்தேன். பயம் போகவில்லை. பயத்தோடேயே போனேன்.

குண்டுவெடிப்புகளுக்குப் பின் எழுந்த வன்முறையில், மினுவாங்கொடை என்ற ஊரில் முஸ்லிம்களின் கடைகள் எரிக்கப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்தன. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து, உள்ளே விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தவர், என் காலடிச் சத்தத்துக்கே திடுக்கிட்டு எழுந்தார்.

"நானா, நான்தான்" என்று அண்ணன் முறை சொல்லி அழைத்தேன்.

"வாங்க டீச்சர். அங்கியெல்லாம் பழுதாகாம வச்சிருக்கேன். சேர்ச்சுக்குக் கொண்டுவந்து தரத்தான் பயமா இருந்திச்சு."

ஐந்தும் இஸ்திரி போடப்பட்டு, பழுப்புத் தாளில் சுற்றப்பட்டு, ஒவ்வொன்றின் மேலும் பிள்ளையின் பெயர் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. இருவருக்கும் கை நடுங்கியது. கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடத்து அங்கிகளுக்கும் அங்கேயே அளவு சொன்னேன். அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, ஷட்டரை முழுவதும் மேலே தூக்கிவிட்டார். அந்த வாரத்தில் எங்கள் இருவராலும் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அடுத்த வாரம், போகவேண்டாம் என்றவர்களில் ஒருவர் தம் மகளின் சட்டையோடு என்னுடன் வந்தார்.

சீருடை தைப்பவர்கள் டிசம்பர் நெரிசலுக்கு முன்பே துணியைக் கொடுப்பது நல்லது. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகக் கடை மூடியிருக்கும். இரண்டு மணிக்குப் பிறகு போகலாம்.