டிகின்டர்: பிடித்திருந்தும் பரிந்துரைக்க மனம் வரவில்லை

பைத்தானில் கணக்கு எழுத ஒரு சின்ன மென்பொருள் செய்யப்போகும் நண்பர், "டிகின்டரா, பைசைடா?" என்று கேட்டார். இரண்டும் பைத்தான் நிரலுக்கு ஜன்னல், பொத்தான், பெட்டி எல்லாம் உருவாக்கித் தரும் நூலகங்கள். இரண்டையும் வருடக்கணக்கில் புழங்கியதால் விரிவாகவே சொல்கிறேன்.

டிகின்டர் எனக்குப் பிடிக்கும். பைத்தானோடு சேர்ந்தே வரும். சில லினக்ஸ்களில் மட்டும் தனியாக நிறுவ வேண்டும். பத்து வரியில் ஜன்னல் திறந்துவிடும். கிரிட் என்ற கட்ட அமைப்பில் வரிசை, பத்தி எண் கொடுத்தால் பெட்டிகள் சொன்ன இடத்தில் உட்காரும். பார்க்கப் பழசாக இருக்கிறது என்பவர்கள் டிடிகே என்ற புதுத் தோற்ற விட்ஜெட்டுகளை (பொத்தான், பெட்டி போன்ற திரை உறுப்புகளை) போட்டுப் பார்க்கட்டும். டிகின்டருக்கு அடியில் ஓடும் டிகே நூலகத்தின் 8.5 பதிப்புடன், 2007-இலேயே அவை வந்துவிட்டன.

என் கோபம் வேறு. லினக்ஸில், டிகே 8.6-இல், ஒரு லேபிளில் (எழுத்தைக் காட்டும் உறுப்பில்) "தொகை" என்று போட்டுப் பாருங்கள். 'த' முதலில் நிற்கும். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்து அதற்குப் பின்னால் வரும். அடுத்து 'க', அதற்கும் பின்னால் ஐகாரக் குறி. சொந்த மொழியை இப்படி உடைந்த நிலையில் திரையில் பார்க்க எனக்குப் பொறுக்காது.

அங்கே எழுத்தை வரைய டிகே நம்பியிருப்பது எக்ஸ்எஃப்டி என்ற எழுத்துரு நூலகத்தை. அது யூனிகோட் குறி ஒவ்வொன்றுக்கும் ஓர் உருவை எடுத்து வரிசையாக வைக்கும், அவ்வளவுதான். இடம் மாற்றிக் கோக்கும் வேலைக்கு ஹார்ஃப்பஸ் போன்ற நூலகம் வேண்டும். விண்டோஸில் அந்த வேலையை இயங்குதளமே பார்த்துக்கொள்வதால், அங்கே எழுதிச் சோதிப்பவருக்கு இந்தக் குறை கண்ணில் படுவதே இல்லை.

சுற்றுவழி உண்டு. எழுத்தைச் சரியாகக் கோக்கும் ராக்ம் வசதியுள்ள பில்லோ என்ற பட நூலகத்தில் தமிழைப் படமாக வரைந்து லேபிளில் ஒட்டலாம். அந்தப் படத்தை label.image போல ஏதாவது ஒன்றில் பிடித்து வைக்காவிட்டால், ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அதை அழித்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் லேபிள் வெறுமையாக நிற்கும். தலைப்புகளுக்கு இந்த வழி போதும். பயனர் பெயரைத் தட்டச்சு செய்யும் பெட்டிக்கு என்ன செய்வது?

பைசைடின் இப்போதைய பதிப்பான பைசைடு6 பாரமானது. முழுதாக நிறுவினால் நூற்றுக்கணக்கான எம்பி போய்விடும், கற்றுக்கொள்ளவும் நாள் பிடிக்கும். ஆனால் அதற்கு அடியில் ஓடும் க்யூட்டி நூலகத்துக்குள்ளேயே ஹார்ஃப்பஸ் இருக்கிறது. லேபிள், பட்டியல், தட்டச்சுப் பெட்டி எதிலும் தமிழ் உடையவில்லை. உரிமம் எல்ஜிபிஎல் என்ற தளர்வான கட்டற்ற உரிமம். க்யூட்டிக்கான இன்னொரு பைத்தான் நூலகமான பைக்யூட்டி போல, நம் நிரலையும் திறந்துவிடச் சொல்லும் ஜிபிஎல்லா, காசு கொடுப்பதா என்ற கேள்வி எழாது.

எளிமை, வேகம், அளவு என்று கணக்குப் போட்டால் டிகின்டர்தான் ஜெயிக்கும். இருந்தாலும் திரையில் ஒரு தமிழ்ச் சொல்லாவது வரும் என்றால் பைசைடையே எடுங்கள். முழுப் பொதி வேண்டாம், அடிப்படைப் பகுதிகள் உள்ள எசென்ஷியல்ஸ் பொதியை மட்டும் நிறுவினால் இந்த வேலைக்குத் தாராளம்.